மாப்பிள்ளைக் கத்தியின் உறை

தோலில் அச்சு வைத்துப் பூ அடிப்பதில் ஆம்பூரிலேயே பெரிய கை என்று பேர் வாங்கியவன் காசி. அந்தப் பேரை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது அவன் மனைவி தனகோடியின் கை. இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெருவைத் தாண்டினால் ஒருவருக்கும் தெரியாது.

மத்தியானம் சாப்பிட்டு எல்லோரும் தலை சாய்க்கும் வேளையில் அவர்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து மரச்சுத்தியின் சத்தம் டொக் டொக்கென்று வரும். அதே வேளையில் காசி வாசலில் நின்று, சும்மா போகிறவனைக்கூட நிறுத்தி வைத்து, பூ அடிப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று விளக்கிக் கொண்டிருப்பான். பின்கட்டில் சுத்தி அடித்துக்கொண்டே ஒரே ஆள் முன்வாசலில் எப்படிப் பேச முடியும் என்று சரக்கு வாங்க வந்த எவனும் கேட்டதில்லை. கேட்டால் இவன் என்ன சொல்வான் என்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அவனை ஒரேயடியாகக் குறை சொல்லவும் கூடாது. மாட்டுக்கு மணிப்பட்டை, ஜட்காக் குதிரைக்கு வார், சாட்டைப் பிடி, இதெல்லாம் தைப்பதில் கெட்டிக்காரன். தைத்ததைத் தொட்டியில் முக்கி ஊற வைப்பான். அப்புறம் கயிறு சுற்றி இறுக்கி, கட்டையால் நாலு சாத்து சாத்தி வெயிலில் போடுவான். குதிரையின் கழுத்துக்கு அது போதும். குதிரை பூ கேட்கிறதா என்ன?

தனகோடிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. மாமியார் முனியம்மாவுக்கு விடிந்ததும் அதுதான் பேச்சு, பொழுது அடைந்ததும் அதுதான் பேச்சு. "பூ பூவா அடிக்கறா, எல்லாம் தோல்லதான். வயித்துல ஒண்ணையும் காணோம்" என்று சொல்வாள். ஏதோ ஒருநாள் ஆத்திரத்தில் வாய்தவறி வந்த சொல் இல்லை அது. தண்ணீர் மொள்ளும்போதும் சொல்வாள், தலை சீவிக்கொண்டும் சொல்வாள், சிரித்துக்கொண்டேகூடச் சொல்வாள். தனகோடி சுத்தியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

அந்த வருஷம்தான் ஜான் பாஷா மோட்டார் கார் வாங்கினார். பாலாற்றங்கரையில் பெரிய தோல் மண்டி அவருடையது. தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை ஊறும் குழிகளே நாலு வரிசை இருக்கும். என் வீட்டுக்காரர் அங்கேதான் தோல் தரம் பிரித்துக் கொண்டிருந்தார். பாஷாவின் மூத்த மகனுக்குக் கல்யாணம் வந்தது. அவர்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசி உட்கார வைக்கும் நாளிலிருந்து நிக்காஹ் முடிகிறவரை ஒரு கத்தி அவன் கையிலேயே இருக்க வேண்டும். பாஷாவின் தாத்தா காலத்துக் கத்தி அது. ஒன்றரைச் சாண் நீளம், தந்தப் பிடி, பிடிக்குக் கீழே சின்னதாக ஒரு புடைப்பு. கத்தி நன்றாகத்தான் இருந்தது. உறையை எலி தின்றுவிட்டது.

அதற்குப் புது உறை செய்யச் சொல்லி, கத்தியையும் எலி விட்ட மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு பாஷா வீட்டு வேலைக்காரி வஹீதா வந்தாள். காசியிடம் கொடுத்தாள், நாள் சொன்னாள். அப்புறம் நேரே வீட்டுக்குப் போகாமல் கிணற்றடிக்கு வந்தாள். தனகோடி அங்கே இருந்தாள். என் குடம் நிறைந்துதான் இருந்தது. இருந்தாலும் அதை ஒரு முறை கவிழ்த்துவிட்டு நானும் போனேன்.

"போன மாசம் வெத்திலைப் பெட்டிக்கு உறை தெச்சுக் குடுத்தான்ல உன் புருஷன்?" என்றாள் வஹீதா. "அதைப் பாத்துட்டு பீபிம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? இது ஆம்பளை அடிச்ச பூவே இல்லன்னாங்க."

தனகோடி பயந்துபோனாள். "அவங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது?"

"நான்தான் சொன்னேன், வேற எப்டி? அன்னிக்கி வந்தப்ப பின்னால நீ குந்தி அடிக்கறதப் பாத்தேனே."

பீபிம்மா என்பது பாஷாவின் மனைவி அக்தரி பேகம். அவர்கள் சொல்லியனுப்பிய சேதி இதுதான்: புது உறையில், பழையதில் இருந்த மாதிரியே மாதுளைக் கொடி வர வேண்டும். அது சரியாக வந்துவிட்டால், வீட்டுக்குப் பின்னால் கிணற்றை ஒட்டிய அறையைத் தனகோடிக்கு ஒழித்துத் தருவார்கள். பாஷாவுக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். அவர்களுக்குச் செருப்பு, பர்சு, பெட்டி உறை எல்லாம் அங்கேயே உட்கார்ந்து செய்யலாம். இரண்டு வேளைச் சோறு உண்டு.

"கூலி உன் கையிலதான் குடுப்பாங்களாம். உன் புருஷன் கையில இல்ல" என்றாள் வஹீதா. "இஷ்டம்னா ராத்திரியும் அங்கயே தங்கிக்கலாம்."

இவ்வளவு சொன்னதில் தனகோடியின் காதில் நின்றது ஒன்றுதான். "ராத்திரி தங்கிக்கலாமா?"

"ஏன், தங்கறதுக்குத்தானே ரூம்பு?"

"அங்க யாரும் பேச மாட்டாங்களா?"

வஹீதாவுக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவள் மாமியாரின் பேச்சு எங்கள் வீட்டுச் சுவர் தாண்டியும் கேட்கும்.

நல்ல சேதியைத் தன்னோடு வைத்துக்கொள்ள வஹீதாவால் முடியாது. போகிற வழியில் முனியம்மாவிடமும் சொல்லிவிட்டுப் போனாள், அந்த அம்மாள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து. சாயங்காலத்துக்குள் காசிக்கும் தெரிந்துவிட்டது. அவன் வாசலில் நின்று யாரோடும் பேசாத முதல் சாயங்காலம் அது.

தனகோடி மூன்று மத்தியானம் அடித்தாள். கன்றுத்தோலை அளவாக ஈரப்படுத்தி, கொடியை முதலில் ஊசிமுனையால் கோடு போட்டு, அப்புறம் அச்சுகளை ஒவ்வொன்றாக வைத்து அடித்தாள். வெடித்த மாதுளம்பழத்துக்குள் விதை விதையாக அடித்திருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். தொட விடவில்லை. காய்ந்த பிறகு மேல்பக்கம் முழுவதும் தேன்மெழுகு தேய்த்து, ஓரத்தைத் தைக்கப் புருஷனிடம் கொடுத்தாள்.

இனிமேல்தான் சிக்கல். கத்தி உறை என்பது பை இல்லை. பையில் எதையும் போடலாம், உறை கத்தியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காகத் தைத்த தோலை நனைத்து, உள்ளே கத்தியைச் செருகி, கத்தியின் உருவத்துக்கே தோலைப் படிய வைத்துக் காய விடுவார்கள். ஆனால் நனைந்த தோல் ஊதும். ஊதினால் அடித்த பள்ளம் மேலே எழும்பிவிடும். பூ இருந்த இடம் மொழுக்கென்று ஆகிவிடும்.

அதைத்தான் அவள் காசியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற குட்டைச்சுவர் பக்கம் எனக்கும் அப்போது வேலை இருந்தது.

"தொட்டியில முக்காதய்யா. உள்ள மட்டும் தண்ணி ஊத்து, குலுக்கு, கொட்டிடு. மேல ஒரு சொட்டுப் படக்கூடாது. கத்திய உள்ள உட்டுட்டு ஓரத்துல மட்டும் மாட்டுக்கொம்பால அழுத்து. கொடி மேல கைய வெக்காத. கயிறு வாணாம்."

"எத்தினி வருசமா நான் தோல் நனைக்கறேன்னு தெரியுமா உனுக்கு?"

"குதிரை வாரு வேற, இது வேற."

"கேட்டுக்கடா காசி" என்றாள் உள்ளேயிருந்து முனியம்மா. "பாஷா வூட்ல ரூம்பு தர்றாங்கன்னதும் புருசனுக்கே தொழில் சொல்லிக் குடுக்கறா. ரூம்பு குடுத்துட்டா உன்ன வாசல்ல நிக்க வெச்சிதான் பேசுவா."

காசி சரி என்பதுபோலத் தலையை ஆட்டினான். அவள் துணி துவைக்க ஆற்றுக்குப் போனாள்.

அவள் போனதும் அவன் தெருமுனை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தான். வந்து, கத்திக்குக் கொழுப்பு தடவி, எண்ணெய்த் துணியை நன்றாகச் சுற்றினான். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய ஈரத்தோலில் இரும்பு பட்டால் தோல் கறுத்துப்போகும், இரும்பும் கெடும். அந்த ஜாக்கிரதை எல்லாம் அவனுக்கு இருந்தது. கத்தி பாஷாவுடையது. பூதான் பெண்டாட்டியுடையது. உறையைத் தொட்டிக்குள் விட்டு இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். மெழுகு போட்ட தோல் மேலே மேலே வந்தது. விடவில்லை. ஒரு மனுஷன் அத்தனை பொறுமையாகத் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்புறம் கத்தியைச் செருகி, கயிறு சுற்றி, கட்டையால் சாத்தினான்.

தனகோடி வந்து கயிற்றைப் பிரித்தபோது பழம் இருந்த இடத்தில் கயிற்றுத் தடம் இருந்தது. கொடி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் இங்கே ஏதோ இருந்தது என்று தெரியும், அவ்வளவுதான்.

"முக்கினியா?"

"எப்பவும் போலத்தான் பண்ணேன்."

"நான் சொன்னேனே."

"நீ ஆழமா அடிக்கல. அடிச்சிருந்தா நின்னிருக்கும். ஒன் கையில கொறைய வெச்சிக்கினு என்னக் கேக்கற?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கத்தி அளவு நல்லா வந்திருக்குது" என்றாள். அதை மெச்சிச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா என்று அவனுக்கே தெரியவில்லை. 

மறுநாள் வியாழக்கிழமை, மஞ்சள் பூசும் நாள். காலையிலேயே வஹீதா வந்துவிட்டாள். "ரெண்டும் ரெடியா?"

காசி வாயைத் திறப்பதற்குள் தனகோடி முந்திக்கொண்டாள். "கத்திய எடுத்துக்கினு போ. உறைய நாளைக்கு நானே கொண்டாந்து தர்றேன்."

"ஐயோ, மஞ்சா வெச்சாச்சுன்னா கத்தி கைய உட்டு வராதே! அளவு பாக்கறது எப்டி?"

"வராட்டி போவுது. நான் வர்றேன்."

கன்றுத்தோலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கெட்டுப்போன உறையைப் பிரித்து, அதையே அளவாக வைத்து வெட்டினாள். அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் மத்தியானம் தூங்கவில்லை. சுத்தி நிற்கவே இல்லை. அவர்கள் வீட்டில் அடுப்பும் எரியவில்லை. முனியம்மா என் வீட்டுக்கு வந்து களி சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே மருமகளைத் திட்டினாள், திட்டிக்கொண்டே இன்னொரு உருண்டை கேட்டாள். காசி ஜட்கா நிற்கும் இடத்தில் போய் நின்று, இந்தத் தடவை வந்த தோலே சரியில்லை என்று வண்டிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த முறை தையலையும் அவளே போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் உறையைத் துணியில் சுற்றி, கொம்புத்துண்டையும் கொழுப்புக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். கூப்பிட்டாளா என்று கேட்காதீர்கள். பாஷா வீட்டு உள்கட்டை வேறெப்போது பார்ப்பது?

உள்ளே ஒரே பெண்கள் கூட்டம். நடுவில் மணையில் மஞ்சள் உடுத்தி, முகமெல்லாம் மஞ்சளாக மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். கையில் கத்தி. கல்யாணம் ஆகப்போகிற சந்தோஷத்தைவிட ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற சலிப்புதான் முகத்தில் தெரிந்தது. தனகோடி கத்தியைக் கேட்டுக் கை நீட்டியதும் ஒரு கிழவி, மாப்பிள்ளையின் பெரியத்தை, கத்திவிட்டாள்.

"தொடாதே! தொடாதே! கை மாறினா கண்ணு பட்டுரும்!"

அக்தரி பேகம் உறையை வாங்கிப் பார்த்தார். பூவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் மகன் செருகிப் பார்த்தபோது கத்தி பாதியில் நின்றுவிட்டது. பிடிக்குக் கீழே இருந்த புடைப்புக்கு இடம் இல்லை.

"இப்ப என்ன செய்யறது தனகோடி? நனைச்சுதானே ஆகணும்? கத்தி இல்லாம எப்படி நனைப்பே?"

"கத்தி கைய உட்டு வர வாணாம் பீபிம்மா. பிடிய அவரே புடிச்சிக்கினு இருக்கட்டும். நான் உறைய மட்டும் தொடறேன்."

பெண்கள் சிரித்தார்கள். பெரியத்தை யோசித்தாள். கத்தியை விடாவிட்டால் வழக்கத்துக்குப் பழுது ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொண்டாள்.

தனகோடி மணைக்கு முன்னால் உட்கார்ந்தாள். உறைக்குள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, வாயைப் பெருவிரலால் மூடிக் குலுக்கி, கொட்டினாள். இன்னொரு முறை. வெளியே ஒரு சொட்டுத் தெறித்தது. முந்தானையால் உடனே ஒற்றி எடுத்தாள். உள்பக்கம் தண்ணீரைக் குடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அதற்குள் மாப்பிள்ளை பிடியைப் பிடித்தபடி கத்தியை நீட்ட, கைபடாமல் கொழுப்பைத் துணியால் தடவி, எண்ணெய்த் துணியைச் சுற்றினாள்.

"இப்ப செருவுங்க தம்பி. மெதுவா. திருப்பாதீங்க."

கத்தி இறங்கியது. புடைப்பு இருந்த இடத்தில் தோல் மெல்ல விரிந்து கொடுத்தது. அந்த இடத்தில் அவள் பூவே வைக்கவில்லை, வெறும் ஒற்றைக் கோடுதான். முதல் உறையில் அங்கேயும் இலை இருந்தது. கொம்பின் முனையால் கத்தியின் ஓரத்தை ஒட்டி மட்டும் அழுத்திக்கொண்டே போனாள். உள்ளங்கை பூவுக்கு மேலே வரும்போதெல்லாம் விலகிவிடும்.

"எவ்ளோ நேரம்?" என்றான் மாப்பிள்ளை.

"காயறவரைக்கும்."

"மூக்கு அரிக்குது."

"இன்னொரு கை இருக்குதே!" என்றாள் ஒரு மச்சினி. "இப்பவே ரெண்டு கையும் கட்டுப்பட்டுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டியா?"

விசிறியால் வீசினார்கள். பாட்டுப் பாடினார்கள். மத்தியானச் சாப்பாடு வந்தது. தங்கை அவனுக்கு ஊட்டிவிட்டாள். அவனுக்குக் கண் செருகியது. கை தளரும்போதெல்லாம் பெரியத்தை அவன் முட்டியில் ஒரு தட்டுத் தட்டினாள். தனகோடி எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள், அதையும் ஒரு கையால்தான் குடித்தாள். மாப்பிள்ளையும் அவளும் ஒரே கத்தியின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்காவது மணை போட்டிருந்தார்கள்.

வெயில் முற்றத்தின் அந்தப் பக்கம் போன பிறகு, "இப்ப உருவுங்க" என்றாள். கத்தி வழுக்கிக்கொண்டு வந்தது. எண்ணெய்த் துணியை எடுத்துவிட்டுத் திரும்பச் செருகச் சொன்னாள். கடைசி விரல்கடையில் லேசாகப் பிடித்து, சட்டென்று உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்து உதறினான். விழவில்லை. மாதுளம்பழத்தின் ஒவ்வொரு விதையும் அடித்தபடியே நின்றது.

பேகம் விரலால் தடவிப் பார்த்தார். "உன் புருஷனை இதுக்கு மேல யாராவது புகழ்ந்தா என்னாண்ட வரச் சொல்லு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தனகோடியும் சிரித்தாள். அவள் பல்வரிசையை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் அவரே எங்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் அறையைக் காட்டினார். விறகு அடைத்து வைத்திருந்த அறை. கிணற்றைப் பார்த்த ஜன்னல் ஒன்று. உள்பக்கம் தாழ்ப்பாள். தனகோடி அதைப் போட்டுப் பார்த்தாள், எடுத்தாள், இன்னொரு முறை போட்டாள்.

"நிக்காஹ் முடியட்டும், விறகை எடுக்கச் சொல்றேன்" என்றார் பேகம். "அப்புறம் நீ வந்துடலாம்."

வரும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பூ அடிக்கும் கல்லை எங்கே போடுவது, தோலை எங்கே தொங்கவிடுவது, விறகு எடுத்த பிறகு தேள் இருக்குமா என்று. நான் ஒரு வார்த்தை குறுக்கே பேச முடியவில்லை. என்னையே பேச விடாமல் பேசியவள் அவள் ஒருத்திதான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஊரே உறையைப் பற்றிப் பேசியது. காசி கை வேலையைப் பார்த்தாயா என்றுதான் பேசியது. காசியும் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் தோல் பிரித்துக் கொண்டிருந்தார். அதனால் ஒரு சொல் விடாமல் எனக்கு வந்து சேர்ந்தது. பாஷாவின் முன்னால் காசி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றானாம்.

"எம் பொஞ்சாதி உங்க வூட்ல வந்து குந்தறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல சாயபு. ஆனா புருசனை உட்டுட்டு ஒருத்தி ராத்திரியும் வந்து தங்கறான்னா நாலு பேரு இன்னா பேசுவான்? என்னைய மட்டுமா பேசுவான்? பெரிய வூட்டு வாசலப் பத்தியுந்தானே பேசுவான்? ரெண்டு பொண்ணுங்க கல்யாணம் வேற இருக்குது."

பாஷா கெட்டவர் இல்லை. அவருக்கு வேலை ஜாஸ்தி, கேட்க நேரம் கம்மி. தோலின் ஓரத்தை விரலால் மடித்துப் பார்த்துக்கொண்டே யோசித்தார்.

"சரி, பேஜார் எதுக்கு? நீயும் வந்துடு. ரூம்பு பெரிசுதானே. பூ வேலைக்கு நீ மேஸ்திரி. சம்பளம் மாசாமாசம் இங்கயே வந்து வாங்கிக்கோ. உங்கம்மாவையும் கூட்டிக்கோ, வயசானவங்களை எங்க விடுவே?"

ஒரு குடும்பத்துக்கே நல்லது செய்துவிட்ட திருப்தி அவருக்கு. அன்று ராத்திரி பேகம் என்ன சொன்னார், பாஷா என்ன சொன்னார் என்று வஹீதாவைக் குடைந்து பார்த்தேன். "பீபிம்மா சாப்பிடல" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மறுநாள் பேகத்திடமிருந்து தனகோடிக்கு ஒரு பட்டுக்கரைப் புடவை வந்தது.

தனகோடி புடவையைப் பிரிக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள்.

"அப்ப பூவை யாரு அடிக்கறது?" என்றாள் முனியம்மா. கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். காசி வாசலைப் பார்த்தான். வாசலில் நான் இருந்தேன். வேறு பக்கம் பார்த்தான்.

அவள் அசையவில்லை. அணைக்கட்டு ஊரிலிருந்து அவள் அண்ணன் தணிகைவேலை வரவழைத்தார்கள். அவன் வந்தான், சாப்பிட்டான், எல்லாவற்றையும் கேட்டான்.

"மாசச் சம்பளம், சோறு, தங்கறதுக்கு ரூம்பு. பெரிய வூடு. சண்டை போடறதுக்கு இன்னும் இன்னாம்மா மிச்சம்?"

"ரூம்பு எனக்குக் குடுத்ததுண்ணா."

"ஒனக்குந்தானே குடுத்திருக்காங்க?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். அதுதான் மோசம், புரிந்துகொண்டு கேட்டிருந்தால் அவனோடு சண்டையாவது போட்டிருக்கலாம். அப்புறம் தெருவே கூடிக்கொண்டது. யாருக்கடி கிடைக்கும் இப்படி, மாமியாரையும் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள், புருஷனுக்கு மேஸ்திரி வேலை. நானும் சொன்னேன். வேறு என்ன சொல்வது? கூலிக்காரர் தெருவிலிருந்து ஒரு குடும்பம் பாஷா வீட்டுக் காம்பவுண்டுக்குள் போகிறது, போகாதே என்று எந்த வாயால் சொல்வது?

சாமான் வண்டியில் முனியம்மா முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தொட்டியையும் ஏற்றினார்கள். காசி கடைசி நிமிஷம் வரை வாசலில் நின்று, இனிமேல் வேலை வேண்டுமானால் எங்கே வர வேண்டும் என்று எல்லோருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தான். தனகோடி அச்சு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்து போனாள்.

பத்து நாள் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை, ஒரு பை கத்தரிக்காயைச் சாக்காக எடுத்துக்கொண்டு போனேன். முனியம்மாதான் எதிர்கொண்டு அழைத்தாள். "வா வா, எம் புள்ள வேலை செய்யற எடத்தை வந்து பாரு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கதவு விரியத் திறந்திருந்தது. பாஷாவைப் பார்க்க வருகிற மனிதர்கள் மேஸ்திரியையும் பார்த்துவிட்டுப் போகலாம் அல்லவா? ஜன்னலடியில் நல்ல வெளிச்சத்தில் ஒரு மணை, அதன் முன்னால் துடைத்து வைத்த கல், வரிசையாக அச்சுகள். காசி அந்த மணையில் உட்கார்ந்து வேலூரிலிருந்து வந்த யாரோ ஒரு வியாபாரியிடம் மாதுளைக் கொடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும், பூ மேல் கை வைக்கக்கூடாது என்று அவள் சொன்னதை அப்படியே, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான்.

முனியம்மா பாயில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்தாள். பெரிய வீட்டு மருமகளுக்கு மாதம் நின்றுவிட்டதாம், கல்யாணமாகி முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லையாம், சிலருக்கு ஒன்பது வருஷம் ஆனாலும் ஒன்றும் இல்லையாம்.

விறகு அறையாக இருந்தபோது மூட்டை அடுக்கியிருந்த மூலை ஒன்று கதவுக்குப் பின்னால் இருக்கிறது. தனகோடி அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். வியாபாரி பேசும்போது சுத்தியை நிறுத்தினாள், அவன் வெளியே போனதும் மறுபடி அடித்தாள். அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அந்த மூலையில் தோல் இருப்பது தெரிந்தது, அதில் என்ன அடிக்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. இடது கை விரலால் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் அச்சை வைத்து அடித்தாள்.

"ஏண்டி தனம், இங்க இருட்டா இருக்குதே. வெளிச்சம் போதுமா?"

அவள் திரும்பவில்லை.

"அவருக்குப் போதும்க்கா" என்றாள்.